அரக்கு வைத்து மூடிய கார்

1964ஆம் ஆண்டு, அக்டோபர் 14, புதன்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். இரவெல்லாம் பெய்த தூறல் நின்றிருந்தது. வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. வெயில் இல்லை. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு வாசலில் ஆயுத பூஜைக்காக அப்பா ஒரு பேனாக்கத்தியை எடுத்து, காரின் மேல் போட்டிருந்த தார்ப்பாயின் முதல் முடிச்சை அறுத்தார். எனக்கு அப்போது பத்து வயது இரண்டு மாதம். கையில் கற்பூரத் தட்டு.

என் வயதுக்காரர்களே, ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுவலி என்று நமக்கு ஆளுக்கொன்று இருக்கிறது. எனக்கு இவை மூன்றோடு நான்காவதாக ஒன்றும் உண்டு. மூடி வைத்த காரைப் பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது என் மகன் கூரை மடக்குகிற கார் ஒன்று வாங்கியிருக்கிறான். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நிழலான இடம் கிடைக்காததால் அதை வெட்டவெளியில் நிறுத்தி, வெள்ளி நிறத்தில் ஓர் உறை மாட்டியிருக்கிறான். தினமும் காலை நடைக்குப் போகும்போது குடைநுனியால் அந்த உறையை நான்கு இடங்களில் குத்திப் பார்க்கிறேன். உள்ளே இரும்பு தட்டுப்பட்ட பிறகுதான் நடை. செக்யூரிட்டிப் பையன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

அறுபத்து நான்காம் வருடத்துக்கு வருகிறேன்.

அப்பா ஒரு பெண் டாக்டரின் ஆஸ்பத்திரியில் ரைட்டர். சீட்டு எழுதுவது, பணம் வாங்குவது, மருந்து வந்ததையும் போனதையும் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்தான். நாங்கள் இருந்த இரண்டு அறை வீடும் டாக்டரம்மாவுடையது. வாடகை வாங்க மாட்டார். வேலையும் வீடும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பதை அப்பா ஒரு நாளும் மறந்ததில்லை. எங்களையும் மறக்க விட்டதில்லை. சுவரில் ஆணி அடிக்கக்கூட டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டு வருவார்.

அந்த மே மாதக் கடைசியில் டாக்டரம்மா லண்டனில் இருந்த மகளைப் பார்க்கக் கிளம்பினார். ஐந்து மாதம் கழித்துத்தான் திரும்புவார். கோடை மழையில் அவர் பங்களாவின் கார் ஷெட் சரிந்து விழுந்துவிட்டது. ஆகவே காரை எங்கள் வாசலில் விட்டு, சாவியை அப்பாவிடம் கொடுத்தார். பால் நிறக் கார். சிவப்புத் தோல் இருக்கை. கூரை மட்டும் கருநீலத் துணி, பின்னால் மடித்துவிட்டால் முழுக்கத் திறந்த கார். அதன் பக்கத்தில் போனாலே தோலும் பெட்ரோலும் டாக்டரம்மாவின் பவுடரும் கலந்த ஒரு வாசனை வரும். கிளம்பும்போது அவர் அப்பாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"மழைக்கு மூடித்தான் வைக்கணும், ரைட்டர். ஆனா ஈரத் துணி கூரையிலே ஒட்டக் கூடாது. ஒட்டினா பூஞ்சை பிடிச்சு நூல் நூலாப் போயிடும்."

மூட வேண்டும், ஆனால் தொடக் கூடாது. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காருக்கு ஏதாவது ஆனால் வேலை போகும், வீடு போகும், மூன்று பேரும் வேலூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வழி கண்டுபிடித்தது மாமா. அம்மாவின் ஒரே தம்பி. அடுகோடியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் வேலை, அங்கேயே படுக்கை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் எங்களோடு சாப்பாடு. அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. எங்களையும் வேலூரில் ஒரு வயதான பெரியம்மாவையும் விட்டால் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஆளே கிடையாது. அந்தத் தை மாதம் அவர் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தார். அத்திபெலேயில் பஞ்சர் கடை வைத்திருப்பவரின் மகள். அப்பா மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, அவர்கள் நம்ம ஆட்கள் இல்லை, அந்தப் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் என்றார். மாமா தலையை ஆட்டிவிட்டுத் தன் இலையை முடித்தார். பிறகு அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அடங்கிவிட்டான் என்று அப்பாவுக்குத் திருப்தி.

மாமா மூங்கிலைப் பிளந்து வளைத்து, கூண்டு வண்டிக்குக் கட்டுவது போல ஏழு வளைவு கட்டினார். அடியில் நான்கு பக்கமும் முழு மூங்கில் சட்டம். காரின் மேல் அந்தக் கூண்டு நின்றது. கூண்டின் மேல்தான் மெழுகு தேய்த்த தார்ப்பாய். கூரைக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே ஒரு முழம் காற்று. தார்ப்பாயின் விளிம்பை அடிச்சட்டத்தோடு கயிறு போட்டுக் கட்டியபோது தரையோடு தரையாக நின்றது. எறும்பைத் தவிர வேறெதுவும் சுலபத்தில் உள்ளே போக முடியாது. அப்பா மூன்று முறை சுற்றி வந்து பார்த்தார். மச்சினனை அவர் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

அதற்குப் பிறகு அப்பா தன் பங்குக்கு ஒரு வேலை செய்தார். ஆஸ்பத்திரியில் மருந்துப் பார்சலுக்கு வைத்திருந்த சிவப்பு அரக்கையும் பித்தளை முத்திரையையும் கொண்டுவந்தார். மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி, ஒவ்வொரு முடிச்சின் மேலும் சொட்டவிட்டு முத்திரை குத்தினார். இருபத்திரண்டு முடிச்சு, இருபத்திரண்டு முத்திரை. அரக்கு எரிந்த வாசனை அன்று முழுக்க வீட்டுக்குள் இருந்தது. பல் துலக்கியதும் எண்ணுவார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன் எண்ணுவார். பக்கத்தில் நின்று நானும் எண்ணுவேன். எனக்கு எண்ணும் வியாதி பிடித்தது அப்படித்தான்.

ஆவணியில் அம்மா வேலூருக்குப் போக வேண்டும் என்றாள். அவளுடைய பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். அம்மா எதையும் கேட்டு வாங்குகிறவள் அல்ல. அந்த முறை மூன்று நாள் விடாமல் கேட்டாள். காரை விட்டு எப்படி வருவது என்றார் அப்பா. தம்பி வந்து வாசலில் படுத்துக்கொள்வான் என்றாள். போனோம். பெரியம்மா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, என்னடி திடுதிப்பென்று என்று கேட்டார். இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா தலை முழுகி, தன் ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். இரண்டு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டாள். விளக்கேற்றிவிட்டு அதன் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன விசேஷம் என்று அப்பா கேட்டதற்கு, பெட்டியில் வைத்தே பூச்சி அரிக்கிறது என்றாள்.

திரும்பி வந்ததும் அப்பா பையைக்கூடக் கீழே வைக்காமல் முத்திரைகளை எண்ணினார். இருபத்திரண்டும் இருந்தன. மாமாவுக்கு ஒரு ரூபாய் கொடுத்தார். மாமா வாங்கிக்கொண்டார். அவர் நெற்றியில் ஒரு புதுக் காயம். பட்டறையில் கம்பி கிழித்துவிட்டதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயங்கள் மாறின. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மாமா வருவது குறைந்தது. அடுத்தது, எங்கள் தெருவின் செம்பட்டை நாய். சட்டத்துக்கு அடியில் மண்ணைப் பறித்து அது தார்ப்பாய்க்குள் புகுந்து போக ஆரம்பித்தது. புரட்டாசியில் உள்ளேயிருந்து குட்டிகள் முனகும் சத்தம் கேட்டது. ஒரு நாள் அது ஒரு பக்கம் நுழைந்து, மூச்சு விடுவதற்குள் நேர் எதிர்ப்பக்கம் வெளியே ஓடியது. நடுவே இரண்டு சக்கரமும் ஓர் அச்சும் இருக்க, எப்படி இவ்வளவு நேராக ஓடுகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. முத்திரைதான் சரியாக இருக்கிறதே.

டாக்டரம்மா வரும்வரை தார்ப்பாயைப் பிரிக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஆனால் ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் விட முடியுமா? நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்க வேண்டாமா? அந்த ஒரு காலைக்கு மட்டும் அப்பா விலக்கு கொடுத்தார். பத்து மணிக்கு அக்கம்பக்கத்தார் பொரி கடலை வாங்கிக்கொள்ள வருவார்கள். அதற்குள் கட்டவிழ்த்து, பூஜை முடித்து, திரும்ப மூடிவிட வேண்டும். வாழைக்கன்று கட்டியாயிற்று. பூசணிக்காய் உடைப்பதற்காக மாமாவை வரச் சொல்லியிருந்தார். கையில் பூசணிக்காயோடு அவர் வாசல் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வரவில்லை.

முன்பக்கம் ஆறு முடிச்சை அறுத்ததும் அப்பா தார்ப்பாயைத் திரை மாதிரி தூக்கினார்.

உள்ளே நாய் படுத்திருந்தது. நான்கு குட்டிகள். அது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது.

வேறொன்றும் இல்லை. சுற்றிலும் மண் ஈரத்தில் கறுத்திருக்க, உள்ளே மட்டும் கார் அளவுக்கு ஒரு செவ்வகம் வெளிறிக் காய்ந்திருந்தது. நடுவில் கையகலம் எண்ணெய்க் கறை. நான்கு மூலையில் டயர் அழுத்திய நான்கு பள்ளம். மூங்கில் வளைவுகளுக்கு நடுவே அந்தப் பக்கத்துத் தார்ப்பாய் தெரிந்தது. பெரிய கோயிலில் சாமி இல்லாத கருவறையைப் பார்த்தது போல இருந்தது. தட்டு கையிலிருந்து சரிந்து கற்பூரம் சேற்றில் விழுந்தது.

அப்பா தார்ப்பாயைக் கீழே விட்டார். மறுபடியும் தூக்கிப் பார்த்தார். பிறகு, இந்த வயதிலும் என்னால் நம்ப முடியாத ஒன்றைச் செய்தார். மீதி முத்திரைகளை எண்ண ஆரம்பித்தார். பதினாறும் உடையாமல் இருந்தன.

"சீல் சரியா இருக்கு," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

மாமா படியிலிருந்தே சொன்னார். "சீலை ஒடைக்கல அத்தான். நடு ராத்திரியில நாலு பேர் சேர்ந்து கூண்டோட தூக்கி நகத்தி வெச்சோம். வண்டிய எடுத்துட்டு, திரும்ப அங்கயே வெச்சிட்டோம்."

பார்சல் கட்டுகிற மனுஷர், நான்கு பக்கமும் முத்திரை வைத்தவர், இந்தப் பார்சலுக்கு அடி இல்லை என்பதை யோசிக்கவில்லை. உற்சவத்தில் சப்பரம் தூக்குவதைப் போலத் தூக்கியிருக்கிறார்கள். அப்பா படித்தவர். ஒன்றரை மாதமாகக் கயிற்றைத்தான் எண்ணியிருக்கிறார்.

சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையில் பேச்சுக்குரல் கேட்டது. அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். அப்பாவின் முகம் அரக்கு உருக்கிய மெழுகுவர்த்தியைப் போல வெளிறியிருந்தது. அவர் அறுத்த கயிறுகளை அவசரமாக முடிச்சுப் போட்டார். வேறு கற்பூரம் எடுத்துத் தார்ப்பாயின் முன் காட்டினார். தார்ப்பாய்க்குச் சந்தனம், தார்ப்பாய்க்குக் குங்குமம். மாமா பூசணிக்காயை உடைத்தார். எதிர்வீட்டு அத்தை மட்டும் விடவில்லை.

"என்ன ரைட்டரே, இன்னிக்குக்கூட வண்டிய காட்ட மாட்டீங்களா? நாங்க என்ன கண்ணா வெச்சிடப் போறோம்?"

மழை வரும் போலிருக்கிறது, நனையக் கூடாது என்றார் அப்பா. உள்ளேயிருந்து ஒரு குட்டி முனகியது. அத்தை, அட, வண்டி குட்டி போட்டிருக்கு என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். காலி இடத்தைப் பார்த்தபோதுகூட அவ்வளவு பயம் இல்லை.

கூட்டம் போன பிறகு, சமையலறையில் மாமா மீதியைச் சொன்னார். ஆவணியில் நாங்கள் வேலூருக்குப் போயிருந்தபோது, அத்திபெலேயில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்று கேட்டார்களாம். நாற்பது ரூபாய் வாடகைக்கு ஒத்துக்கொண்டாராம். அழைப்பு நடுவில் மழை பிடித்துக்கொள்ள, மாதக்கணக்கில் மடங்காமலே கிடந்த கூரையை இழுத்து மூடும்போது கம்பி முறிந்து துணி கிழிந்தது. மறுநாள் திரும்பும் வழியில் ஒரு மாட்டு வண்டிக்கு விலகப்போய், பாலத்துச் சுவரில் மோதி முன் அச்சு வளைந்தது. அத்திபெலேயில் ஒரு கொட்டகையில் கிடக்கிறது. பாகம் வாங்கப் பணம் இல்லை. சாவி ஏது என்று அப்பா கேட்டார். ஒயரை இணைத்து ஓட்டியதாக மாமா சொன்னார். அம்மா முறத்தில் பொரியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

அப்பா கத்தவில்லை. டாக்டரம்மா இருபத்து நான்காம் தேதி வருகிறார், இன்னும் பத்து நாள் என்றார். அவ்வளவுதான். மறுநாள் சீட்டுப் பணத்தைத் தள்ளுபடியில் எடுத்தார். கார் வந்து சேரும்வரை அவர் காலி கூண்டுக்குத் திரும்ப அரக்கு வைத்து, காலையும் மாலையும் எண்ணிக்கொண்டிருந்தார். தெரு பார்க்கிறதே. ராத்திரியில் நான் பாயில் படுத்தபடி, வேலூருக்குப் போனால் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த வார வியாழக்கிழமை பட்டப்பகலில் கார் லாரியில் வந்து இறங்கியது. எதிர்வீட்டு அத்தை, போனதையே பார்க்கவில்லையே, எங்கே போய் வருகிறது என்று கேட்டார். சர்வீஸுக்கு என்றார் அப்பா. மாமாவே கூரையைத் தைத்திருந்தார். அதே கருநீலம், தையல் தெரியாத தையல். அச்சு நேராகியிருந்தது. மட்கார்டுக்குப் புது பெயின்ட். நாய்க்குட்டிகளை ஓரமாக எடுத்து விட்டுவிட்டு, மாமாவும் அவருடைய ஆட்களும் கூண்டைத் தூக்கி மேலே வைத்தார்கள். அப்பா முத்திரைகளை எண்ணினார். இருபத்திரண்டு. இனி இந்த வாசலை மிதிக்காதே என்று மாமாவிடம் சொன்னார். மாமா அக்காவைப் பார்த்தார். பிறகு லாரியிலேயே ஏறிக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு டாக்டரம்மா வந்தார். நல்ல வெயில். அப்பா முத்திரைகளைக் காட்டினார். பரவாயில்லையே ரைட்டர், ரிசர்வ் பாங்க் மாதிரி வெச்சிருக்கீங்க என்று அவர் சிரித்தார். தார்ப்பாயை நீக்கினோம். சுற்றி வந்தார். கூரையைத் தடவி, புதுசு போல இருக்கிறதே என்றார். காற்றாட வைத்தோம் என்று அப்பா சொன்னார். அவர் குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்து ஒலித்தது. டாக்டரம்மா உள்ளே உட்கார்ந்து, இருக்கையை முன்னால் தள்ளக் கையை அடியில் விட்டார். எதையோ இழுத்து எடுத்தார்.

காய்ந்த பூச்செண்டு. காம்பைச் சுற்றி வெள்ளி ஜரிகை. ஊர்வலத்தில் மாப்பிள்ளை கையில் பிடித்துக்கொள்வது.

அவர் அதை முகர்ந்து பார்த்தார். "யாருக்குக் கல்யாணம், ரைட்டர்?"

அப்பா பூச்செண்டையே பார்த்தார். வாடகைக்குப் போனது என்று சொன்னால் திருட்டு, தெரியாது என்று சொன்னால் பொய். எனக்கு வேலூர்ப் பள்ளிக்கூடம்தான் கண்முன் வந்தது.

பின்னாலிருந்து அம்மா பேசினாள். டாக்டரம்மா முன்னால் அவள் அதுவரை வாய் திறந்ததே இல்லை.

"என் தம்பிக்குமா. சாவிய எடுத்துக் குடுத்தது நான்தான். அவனுக்கு முன்னால நடக்க அப்பன் இல்ல, ஆத்தா இல்ல. நாங்களும் போக முடியாது, இவருக்குப் புடிக்கல. சொந்தம்னு ஒருத்தரும் இல்லாம மொட்டையா எப்படிப் போய் நிப்பான்? காராவது போகட்டும்னு சொன்னேன்."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். கார் இல்லாத கூண்டைப் பார்த்த அதே பார்வை. வேலூரில் அவள் ஏன் பட்டுப்புடவை கட்டினாள் என்பது எனக்கு அன்று புரியவில்லை. தம்பி மாப்பிள்ளைக் கோலத்தில் ஊர்வலம் வந்த அந்த நேரத்தில், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், புருஷனை அங்கே பிடித்து வைத்தபடி, தன்னந்தனியாக அவள் அந்தக் கல்யாணத்துக்குப் போய்வந்திருக்கிறாள். எனக்கு இது புரிந்தபோது அம்மா இல்லை.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நான் இன்னும் பாக்கலம்மா."

டாக்டரம்மா பூச்செண்டைப் பக்கத்து இருக்கையில் வைத்தார். பிறகு, ஊருக்குப் போகும் முன் கேட்டிருந்தால் சாவியை நானே கொடுத்திருப்பேன் என்றார். கோபமாகத்தான் சொன்னார். அதற்குப் பின் கைப்பையைத் திறந்து ஒரு நூறு ரூபாய் நோட்டும் ஒரு ரூபாயும் எடுத்தார். வீட்டுக்குப் பெரியவர் என்று அப்பாவிடம் நீட்டினார். பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும், தாமதமாக வந்த மொய் என்றார். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வழக்கம்போல வந்துவிடச் சொன்னார். கூரையை மடித்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். வேலை போகவில்லை. வீடு போகவில்லை.

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பணத்துக்காகக் கையை நீட்டினாள். மறுநாளே அத்திபெலேக்குப் போய்விடுவாள் போலிருந்தது. முகமே மாறியிருந்தது.

அப்பா அவள் கையைப் பார்க்கவில்லை. நோட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். விரல்விட்டு எண்ணினார். அச்சும் மட்கார்டும் நூற்றெண்பது, கூரை நூற்று நாற்பத்தைந்து, பெயின்ட் ஐம்பத்தைந்து, லாரி முப்பத்திரண்டரை. ஆக நானூற்றுப் பன்னிரண்டரை.

"இதுல நூத்தியொண்ணு வரவு," என்றார்.

அம்மா நீட்டிய கை அப்படியே நின்றது. நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கணக்கில் தப்பு செய்கிறவர் அல்ல. கழித்துப் பார்த்துச் சொன்னார். மச்சினன் கல்யாணத்தில் அவருக்குக் கடைசியாக ஆன செலவு முந்நூற்றுப் பதினோரு ரூபாய் ஐம்பது பைசா.